பென்சில் போட்ட பிரதிகள்

வலது கை மவுஸின் மேல் இருந்தது. இடது கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது, ஓடும் பேருந்தில் நிற்பவர் கம்பியைப் பிடிப்பதுபோல. திரையில் இரண்டு கோப்புகள் அடுத்தடுத்துத் திறந்திருந்தன. ஒரே பாட்டு, ஒரே பதிப்பகம், ஒரே ஆண்டு. ஒன்று வெள்ளைவெளேரென்று இருந்தது. ஐந்து கோடுகளும் அவற்றின் மேல் உட்கார்ந்த சுரப்புள்ளிகளும் அச்சகத்திலிருந்து அப்போதுதான் வந்தவைபோல இருந்தன. மற்றது பழைய தாளை ஸ்கேன் செய்தது. ஓரமெல்லாம் பழுப்பு, மூலையில் தேநீர்க் கோப்பையின் வளையம், வரிகளுக்கு மேலும் கீழும் பென்சில் கிறுக்கல், ஒரு பக்கத்தின் குறுக்கே பெரிய பெருக்கல் குறி.

விரல் அழுத்தியது. கிறுக்கல் பிரதி குப்பைத் தொட்டிக்குப் போனது. வெள்ளைப் பிரதி நின்றது. அடுத்த ஜோடி வந்தது.

பக்கத்தில் இருந்த தேநீரில் ஆடை படிந்திருந்தது. அது எப்போது போட்ட தேநீர் என்று அவளுக்கு நினைவில்லை. சாப்பாட்டு மேசைதான் இப்போது வேலை மேசை. அதற்கு அப்பால் சுவரோரம் பியானோ மூடிக் கிடந்தது. அதன் மேல் மடித்த துணிகள் அடுக்கியிருந்தன. இத்தனை வருடத்தில் அந்த மூடியின் மேல் ஒரு கைக்குட்டையைக்கூட வைக்க விட்டதில்லை அவள் கணவர். இப்போது வைக்க இடம் வேண்டியிருந்தது, வைத்தாள்.

அவள் பயன்படுத்திய மென்பொருள் இசைக்காகச் செய்யப்பட்டதல்ல. ஆராய்ச்சி மாணவர்கள் படித்த நூல்களையும் கட்டுரைகளையும் போட்டு வைத்துக்கொள்வது. யார் எழுதியது, எங்கே வெளிவந்தது, எந்த ஆண்டு என்று கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, ஆய்வேடு முடியும்போது கடைசியில் வரும் மேற்கோள் பட்டியலை அதுவே போட்டுத் தரும். ஒரு கல்லூரி நூலகத்தின் ஆய்வேடுகள் பிரிவில் அவளுக்கு வேலை. நூலகத்துக்குக் கணினி வந்தபோது பயிற்சி மேலதிகாரிகளுக்குத்தான் கிடைத்தது. அவர்கள் போய்ப் பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். இவள் மதிய இடைவேளைகளில் உதவிப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படித்து, தப்புத் தப்பாகச் செய்து பார்த்துக் கற்றுக்கொண்டாள். அப்புறம், ஆய்வேடு கொடுக்கும் வாரத்தில் முகம் வெளிறிப்போய் வருகிற மாணவர்கள் நேராக அவளிடம் வருவது வழக்கமாயிற்று.

அதற்கும் முன்பு, வேலையில் சேர்ந்த புதிதில், அவளுக்குத் தந்த வேலை அழிப்பது. திரும்பி வரும் புத்தகங்களில் வாசகர்கள் போட்ட பென்சில் கோடுகளை ரப்பரால் அழித்து, தூசியைத் துணியால் தட்டி, அலமாரிக்கு அனுப்ப வேண்டும். அழியாத அளவுக்குக் கிறுக்கியிருந்தால், வேறு நல்ல பிரதி இருக்கும்பட்சத்தில் கிறுக்கியதைக் கழித்துவிடலாம். நூலகத்தில் அந்த வார்த்தைதான், கழிப்பது. அந்த விதி அவள் கைக்குள்ளேயே போய்விட்டது. பெண் பார்க்க வந்தபோது அவரும் அவளும் தனியாகப் பேசிய பத்து வார்த்தையில் இதுவும் வந்தது.

“நான் எப்பவும் பென்சிலும் கையுமா இருக்கற ஆளு,” என்றார் அவர்.

“நான் ரப்பரும் கையுமா,” என்றாள் அவள்.

அவர் சிரித்தார். கல்யாணம் முடிந்தது.

பகலில் அவர் லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் மேற்பார்வையாளர். மாலையில் ஒரு சேர்ந்திசைக் குழுவுக்குப் பியானோ. குழுவில் இருப்பவர்கள் எல்லோரும் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். ஊழியர் சங்கக் கட்டடத்தின் மாடி அறையில் வாரம் ஒருமுறை கூடிப் பாடுவார்கள். குழுவை நடத்துபவர் மருந்துக் கடை வைத்திருக்கிறார். அவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். அறைக்கு வாடகை இல்லை. பதிலுக்கு ஆண்டுக்கு ஒருமுறை சங்கத்தின் ஆண்டு விழாவில் குழு கச்சேரி தர வேண்டும். ஒரு வருடம் தராவிட்டாலும் அறை கைவிட்டுப் போய்விடும் என்பது பேச்சு.

கல்யாணமான மறுமாதமே அவள் அந்த மாடிக்குப் போனாள். பியானோ வாசிப்பவருக்குப் பக்கம் திருப்ப ஓர் ஆள் வேண்டும், அவருடைய இரண்டு கையும் வேலையாக இருக்கும். அவளுக்குச் சுரம் படிக்கத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. ஒவ்வொரு வலப்பக்கத்திலும், கடைசி வரிக்கு இரண்டு வரி முன்னால் அவர் ஒரு வட்டம் போட்டு அதற்குள் ‘எ’ என்று எழுதி வைப்பார். எழுந்திரு என்று பொருள். அவர் கை அங்கே வந்ததும் அவள் நாற்காலியிலிருந்து எழுந்து, இடது கையால் தாளின் மேல் மூலையைப் பிடித்து நிற்பாள். அவர் தலையசைத்ததும் திருப்புவாள். உட்காருவாள். வேலை அவ்வளவுதான். குழுவில் அவளுக்குப் ‘பக்கம் அக்கா’ என்று பெயர் வந்தது. வயதில் பெரியவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள்.

பிறகு தாள்களைப் பூச்சி அரித்தது. அவர் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றிவிட்டுத் தாளைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டார். ஒரு டேப்லெட் வாங்கினார், கூடவே ஒரு பெடல். காலால் மிதித்தால் திரையில் பக்கம் திரும்பும்.

“இனிமே நீ அலைய வேண்டாம்,” என்றார். அவளுக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் சொன்னார்.

அவள் மூன்றாவது வரிசை நாற்காலிக்கு மாறினாள். அங்கே செய்ய ஒன்றும் இல்லாததால் முதன்முறையாகப் பாட்டு முழுசாகக் காதில் விழுந்தது. பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் வாரம் தவறாமல் போனாள்.

போன மழைக்காலத்தில் ஓர் உயரமான கட்டடத்தின் மொட்டை மாடியில், லிஃப்ட் மோட்டார் அறையில், அவருக்கு நெஞ்சு வலி வந்தது. படியில்தான் இறக்க வேண்டியிருந்தது, லிஃப்ட் ஓடவில்லை. ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்தார், திரும்பி வரவில்லை. அவருடைய துணிப்பையை அவள்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அதில் டேப்லெட்டும் இருந்தது, படுத்த படுக்கையில் பாட்டுப் பார்க்கிறேன் என்று கேட்டு வாங்கி வைத்திருந்தார். பையிலிருந்து துணியைத் துவைக்கப் போட்டாள். டேப்லெட்டைப் பியானோவுக்குக் கீழே இருக்கும் மர இழுப்பறையில் வைத்தாள். அதற்குப் பிறகு அந்த இழுப்பறையை அவள் திறக்கவில்லை. திறக்கக் கூடாது என்று எந்த முடிவும் எடுக்கவில்லை. திறக்கவில்லை, அவ்வளவுதான்.

அழவும் இல்லை. வேலைக்குப் போனாள், வந்தாள். ஒருநாள் குளித்துவிட்டு வரும்போது தரையில் சிவப்புப் பொட்டுகள் வரிசையாகத் தெரிந்தன. பார்த்தால் அவள் கால் கட்டைவிரல். எங்கே எப்போது இடித்துக்கொண்டாள் என்று தெரியவில்லை. துணியைச் சுற்றிவிட்டுத் தரையைத் துடைத்தாள்.

இந்த நிலையில்தான் நாத்தனார் வந்தாள். கணவரின் தங்கை. குழுவில் ஆல்டோ, அதாவது பெண் குரல்களில் கீழ்வரிசை. செருப்பை வாசலில் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிடுவாள்.

“அண்ணி, கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்களேன்னு சொல்ல வரல. அதை மத்தவங்க சொல்லிட்டாங்க. நான் வேற வேலையா வந்தேன்.”

“சொல்லு.”

“பியானோவுக்கு ஆள் கிடைச்சிருக்கு. பல் டாக்டர். சின்னப் பொண்ணுதான், நல்லா வாசிக்குது. நோட்ஸ்தான் இல்ல. எல்லாம் அண்ணன்கிட்டதான் இருந்துச்சு. ஆண்டு விழா பக்கத்துல வந்துருச்சு. சங்கத்துச் செயலாளர் மாஸ்டருக்குத் தினமும் போன் போடறாரு. கச்சேரி உண்டா இல்லையான்னு சொல்லிடுங்க, ரூம்ல டேபிள் டென்னிஸ் போடலாம்னு இருக்கோம்கறாரு.”

“ஹார்ட் டிஸ்க்ல இருக்கு.”

“எடுத்துக் குடுங்க.”

“ஸ்கேன் ஒண்ணு, ஸ்கேன் ரெண்டுன்னு இருக்கு. எது எதுன்னு தெரியாது.”

“அடுக்குங்க. உங்க வேலையே அதானே,” என்றாள் நாத்தனார். பிறகு குரலைத் தாழ்த்தி, “எனக்கு அந்த மாடி ஒண்ணுதான் அண்ணி இருக்கு. வீட்டுல நான் வாயைத் தொறந்தா எல்லாரும் டிவி சத்தத்தைக் கூட்டறாங்க,” என்றாள்.

அடுத்த வாரங்களில் அவள் அடுக்கினாள். மென்பொருளில் இசைத்தாள் என்று ஒரு வகை இல்லை. ‘நூல்’ என்ற வகையை எடுத்துக்கொண்டாள். ஆசிரியர் இடத்தில் இசையமைத்தவர், மொழிபெயர்ப்பாளர் இடத்தில் பாட்டின் சொற்களை எழுதியவர், பதிப்பாசிரியர் இடத்தில் குழுவுக்கு ஏற்றபடி மாற்றி அமைத்தவர். அட்டை இல்லாத கோப்புகள்தான் சிரமம் தந்தன. அதற்காக நாத்தனார் சனிக்கிழமைதோறும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பாடிக் காட்டினாள்.

“இது எந்தப் பாட்டு?”

நாத்தனார் திரையைப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரே சுரத்தில் நீளமாக முனகினாள்.

“இதுல ஒரே சத்தம்தானே வருது?”

“ஆல்டோன்னா அப்படித்தான் அண்ணி. மெட்டெல்லாம் மேல்வரிசை சோப்ரானோவுக்குப் போயிடும். நாங்க சுவரு. எங்க மேல சாஞ்சுதான் அவங்க பாடறாங்க. ஆனா இது தெரியும். இதுக்குப் பேரு கொசு.”

“என்னது?”

“முதல்ல பியானோ நொய்யின்னு வரும். அதனால கொசு.”

குழுவில் யாருக்கும் எந்தப் பாட்டின் அச்சிட்ட தலைப்பும் தெரியாது என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. கொசு, படிக்கட்டு, தூங்குமூஞ்சி, பெரிய கப்பல், சின்னக் கப்பல். மென்பொருளில் ‘குறுந்தலைப்பு’ என்று ஒரு கட்டம் உண்டு. ஆராய்ச்சி மாணவர்கள் அதை நிரப்புவதே இல்லை. அவள் அதில் இவற்றை ஒன்றுவிடாமல் போட்டாள். எத்தனை நிமிடம், எத்தனை குரல், பியானோ உண்டா இல்லையா என்பதற்கு மென்பொருளிலேயே ஒட்டுச்சீட்டுகள் போட்டாள். கோப்புகளின் பெயரை மென்பொருளே மாற்றிக்கொண்டது. ஸ்கேன் நாற்பது, இசையமைத்தவர் பெயரும் தலைப்பும் ஆண்டுமாக மாறி வரிசையில் போய் நின்றது. பார்க்க ஒழுங்காக இருந்தது. ஒழுங்காக இருப்பது மட்டும்தான் அந்த நாட்களில் அவளுக்குத் தெரிந்தது.

கடைசியில் இரட்டைப் பிரதிகள் வந்தன. மென்பொருளே ஒரே மாதிரியானவற்றைக் கண்டுபிடித்து ஜோடி ஜோடியாகக் காட்டியது. பழைய தாளை ஸ்கேன் செய்தது ஒன்று, பின்னாளில் பதிப்பகத்திடம் வாங்கிய சுத்தமான பிரதி ஒன்று. எதை வைப்பது என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டியதாக அது தோன்றவே இல்லை. நல்ல பிரதி இருக்கும்போது கிறுக்கியதைக் கழிக்க வேண்டும். கழித்தாள். எல்லாம் முடிந்ததும் குப்பைத் தொட்டியையும் காலி செய்தாள். ஒரு பொருள் இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது என்பதால் பழைய கோப்புறையை முதலிலேயே நீக்கியிருந்தாள். நூலகத்தில் யாராவது பார்த்திருந்தால் பாராட்டியிருப்பார்கள்.

பிரதியெடுத்து ஒரு பென் டிரைவில் நாத்தனாரிடம் கொடுத்தனுப்பினாள். அடுத்த ஒத்திகைக்கு அவளும் போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள்.

பல் டாக்டர் வயதில் சின்னவள். சட்டைக் கையை முழங்கை வரை மடித்து, எதையோ பிடுங்கப் போவதுபோல் பியானோவின் முன் உட்கார்ந்தாள். தன் டேப்லெட்டைத் தாங்கியில் வைத்தாள், பெடலைக் காலுக்கடியில் நகர்த்திக்கொண்டாள்.

“வலிக்காம வாசிங்க டாக்டர்,” என்றார் பின்வரிசையில் ஒரு தடித்த குரல்காரர்.

“வாயை மட்டும் நல்லாத் தொறங்க சார், மத்ததை நான் பாத்துக்கறேன்,” என்றாள் அவள். சிரிப்பு வந்தது. மாஸ்டர் கையைத் தூக்கினார்.

படிக்கட்டில் ஆரம்பித்தார்கள். மெட்டு படி ஏறுவதுபோல் ஏறும் பாட்டு அது. முதல் மூன்று பக்கம் ஒழுங்காகப் போயிற்று. நான்காவது பக்கத்தின் கடைசியில் குழு மொத்தமும் ஒரு மூச்சு எடுத்து எங்கோ தாவியது. பியானோ அது பாட்டுக்கு அடுத்த பக்கத்துக்குப் போனது. சில வினாடிகள் இரண்டு ஊர்வலங்கள் ஒரே தெருவில் எதிரெதிராக வந்ததுபோல இருந்தது. மாஸ்டர் கையை இறக்கினார்.

“டாக்டரம்மா, எங்க போறீங்க?”

“பேப்பர்ல இருக்கற எடத்துக்குத்தான் மாஸ்டர். நீங்கள்லாம் எங்க போனீங்க?”

“நாங்க நடுவுல விட்டுருவோம். நீளம்னு எப்பவோ வெட்டினது.”

“எங்கிருந்து எங்க?”

மாஸ்டர் கையைக் காற்றில் அசைத்துக் காட்டினார். “எனக்குக் கைக்குத் தெரியும். பக்கம் தெரியாது.”

“ஒன்பதாம் பக்கம்,” என்றாள் ஒரு சோப்ரானோ.

“எட்டு,” என்றார் தடித்த குரல்காரர். “நான் மூச்சு வாங்கற எடம் எட்டுலதான் வரும்.”

“நீங்க எல்லாப் பக்கத்துலயும்தான் மூச்சு வாங்கறீங்க.”

கொசுவை எடுத்தார்கள். அதில் சுருதியே வேறாக இருந்தது. பாடுபவர்களுக்கு எட்டவில்லை என்று அவள் கணவர் எப்போதோ ஒரு படி இறக்கி வாசிக்க ஆரம்பித்திருந்தார். பெரிய கப்பலில் இரண்டாவது சரணமே கிடையாது. தூங்குமூஞ்சியில் முடிவு வேறு. ஒவ்வொன்றிலும் எதையாவது வெட்டியிருந்தார்கள், மாற்றியிருந்தார்கள், எல்லாமே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்கே என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. பாடுபவர்களிடம் இருந்த தாளில் அவரவர் வரி மட்டும்தான் இருந்தது. பக்க எண்களும் வேறு.

“பக்கம் அக்கா,” மாஸ்டர் மூன்றாவது வரிசையைப் பார்த்தார். “அவர் எல்லாத்தையும் பென்சில்ல போட்டு வெச்சிருப்பாரே. ஒரு பக்கத்தைக் குறுக்கா அடிச்சிருப்பாரு. அந்தக் காப்பி இல்லையா?”

“இருந்தது,” என்றாள் அவள். “நான் எடுத்துட்டேன்.”

“எடுத்து?”

“கழிச்சுட்டேன். சுத்தமா ஒண்ணு இருந்ததால.”

பல் டாக்டர் பெடலிலிருந்து காலை எடுத்தாள். மாஸ்டரின் சட்டைப் பையில் கைபேசி அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, “செயலாளர்,” என்று சொல்லி, பேசாமல் திரும்ப வைத்தார்.

தான் வெட்கப்பட வேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. வெட்கம் வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. கைப்பையின் வாரை மட்டும் விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள், விரல் நுனி வெளுக்கும் வரை.

படியிறங்கும்போது நாத்தனார் கூடவே வந்தாள். கீழே தெருவில் மோட்டார் சைக்கிள்கள் நின்ற இடத்தில் நிறுத்தினாள்.

“அண்ணி, அண்ணனோட டேப்லெட் எங்க?”

அவள் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

“வாசிச்சது அதுலதானே. அதுல இருக்கும்.”

“இழுப்பறையில இருக்கு.”

“எடுத்துப் பாத்தீங்களா?”

“இல்ல.”

“நான் வேணா வந்து எடுக்கட்டுமா?”

“வேண்டாம். எனக்குத்தான் அதோட நம்பர் தெரியும்.”

ஞாயிற்றுக்கிழமை முன்பகலில் அவள் பியானோவின் மேலிருந்த துணிகளை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். அதற்கும் இழுப்பறைக்கும் சம்பந்தமில்லை. துணிகளை வைத்துவிட்டு வந்து, தரையில் உட்கார்ந்து, இழுப்பறையைத் திறந்தாள். டேப்லெட்டின் உறையில் ஆஸ்பத்திரியின் வாசனை இன்னும் இருந்தது. சார்ஜரில் போட்டுவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெறும் கறுப்பு. அப்புறம் ஒரு சின்ன சிவப்புக் கோடு.

பூட்டு எண் அவளுக்காக வைத்ததுதான். நூலக வகைப்பாட்டில் இசைக்கு உரிய எண், முன்னால் ஒரு பூஜ்யம். போட்டாள். திறந்தது. அவர் கடைசியாகப் பார்த்த பக்கம் அப்படியே வந்து நின்றது.

படிக்கட்டு, நான்காம் பக்கம். கடைசி வரியின் முடிவில் கனமான கோடு. அதற்கு மேல் அவருடைய சாய்ந்த கையெழுத்தில், ‘9க்குப் போ, மேல் வரி, மூச்சு விட்டு.’ வலது ஓரத்தில், கடைசி வரிக்கு இரண்டு வரி முன்னால், வட்டத்துக்குள் ‘எ’.

அவள் அதைப் படித்தாள். பிறகு அடுத்த பக்கத்துக்குப் போனாள். அது வேலை, செய்யத் தெரிந்த வேலை. ஒவ்வொன்றாகத் திறந்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, மடிக்கணினிக்கு அனுப்பினாள். மதியம் சாப்பிட மறந்து, பசித்தபோது எழுந்து வாழைப்பழம் ஒன்றைத் தின்றுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

மென்பொருளில் விதியைத் திருப்பிப் போட்டாள். கிறுக்கல் பிரதிதான் முதல். சுத்தமான பிரதி அதன் கீழே, சுரம் தெளிவாகத் தெரியாவிட்டால் பார்ப்பதற்கு. ஒவ்வொரு பாட்டின் குறிப்புக் கட்டத்திலும் வெட்டுகளைத் தனியாகத் தட்டச்சு செய்தாள், எந்தப் பக்கம், எந்த வரி, எங்கே போக வேண்டும். சுருதி மாறியதற்கு ஓர் ஒட்டுச்சீட்டு. முடிவு மாறியதற்கு ஒன்று. பல இடங்களில் அவர் ஒரு சின்ன மூக்குக் கண்ணாடி வரைந்திருந்தார். அதன் பொருள் தெரியாமல், கண் சரியாகத் தெரியாத இடமாக இருக்கும் என்று நினைத்து, ‘கண்ணாடி’ என்றே ஓர் ஒட்டுச்சீட்டு போட்டு வைத்தாள்.

பெடல் வந்த பிறகு வாங்கிய பாட்டுகளும் அதில் இருந்தன. அவள் ஒருநாளும் பக்கம் திருப்பியிராத பாட்டுகள். மின்பேனாவால் எழுதியிருந்தார், எழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும், கடைசி வரிக்கு இரண்டு வரி முன்னால், வட்டத்துக்குள் ‘எ’ இருந்தது.

அவள் அதற்கு ஒட்டுச்சீட்டு எதுவும் போடவில்லை. எந்த வகையில் சேர்ப்பது என்று தெரியவில்லை. கீழே தெருவில் யாரோ ஒரு சைக்கிள் மணியை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த கோப்பைத் திறந்தாள்.

அடுத்த ஒத்திகைக்கு அவள் முன்னதாகவே போனாள். மடிக்கணினியும் ஹார்ட் டிஸ்க்கும் பையில் இருந்தன. பல் டாக்டரும் மாஸ்டரும் நாத்தனாரும் மட்டும் வந்திருந்தார்கள். செயலாளர் அன்று மாலைக்குள் பதில் கேட்டிருந்தார்.

“முதல்ல பாத்துடலாம்,” என்றாள் அவள். “சரியா இருந்தாத்தான் குடுப்பேன்.”

மடிக்கணினியைப் பியானோத் தாங்கியில் வைத்தாள். பல் டாக்டர் கழுத்தை நீட்டித் திரையைப் பார்த்தாள். குறிப்புக் கட்டத்தை ஒருமுறை படித்தாள், உதட்டை அசைத்து.

“ஒட்டுச்சீட்டுல கண்ணாடின்னு போட்டிருக்கே அக்கா, அது என்ன?”

“தெரியல. அவர் வரைஞ்சிருந்தார். கண்ணு தெரியாத எடமோ என்னவோ.”

மாஸ்டர் எட்டிப் பார்த்தார். “அது என்னைப் பாருன்னு அர்த்தம். வாசிக்கறவங்க தனக்குத்தானே போட்டுக்கறது. இந்த எடத்துல நோட்ஸைப் பாக்காதே, மாஸ்டர் கையைப் பாரு.” அவர் திரையில் இன்னும் சில பக்கங்களைத் தள்ளிப் பார்த்தார். “இத்தனை எடத்துல வரைஞ்சு வெச்சிருக்காரே. ஒரு நாளாவது நிமிந்து பாத்திருக்காரா மனுஷன்?”

நாத்தனார் சிரித்தாள். சிரித்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“இந்த ‘எ’?” என்றாள் பல் டாக்டர். “எல்லாப் பக்கத்துலயும் இருக்கு.”

“எழுந்திருக்கற எடம். பக்கம் திருப்பறவங்களுக்கு. உங்களுக்குத் தேவையில்ல.”

“மின்பேனாவால எழுதினதுலயும் இருக்கே, அதெல்லாம் பெடல் வெச்சு வாசிச்சதுதானே?”

“பழக்கமா இருக்கும்.”

“எடைஞ்சல்னா எடுத்துடலாமா?” என்றார் மாஸ்டர்.

அவள் திரையைப் பார்த்தாள். “உங்க இஷ்டம்.”

“எனக்கு எடைஞ்சல் இல்ல. கால் வைக்கற எடம் தெரியும்,” என்றாள் பல் டாக்டர். “ஆனா என் பெடல் இந்தக் கம்ப்யூட்டரோட சேராது. இப்போதைக்கு யாராவது பட்டன் அமுக்கணும்.”

நாத்தனார் ஒரு நாற்காலியை இழுத்துப் பியானோவின் இடப்பக்கம் போட்டாள். அவள் உட்கார்ந்தாள். மாஸ்டர் கையைத் தூக்கினார். பியானோ ஆரம்பித்தது. மாஸ்டர் ஆண் குரலையும் நாத்தனார் சுவரையும் பாடினார்கள்.

நான்காம் பக்கத்தில், கடைசி வரிக்கு இரண்டு வரி முன்னால், அவள் எழுந்து நின்றிருந்தாள். எழ வேண்டும் என்று நினைக்கவில்லை. மடிக்கணினியின் பொத்தானை உட்கார்ந்தபடியே எட்டி அழுத்தியிருக்கலாம். இடது கை தானாக மேல் மூலைக்குப் போய், அங்கே பிடிக்கத் தாள் இல்லாமல், கீழே இறங்கிப் பொத்தானைத் தேடியது. பல் டாக்டர் தலையசைத்தாள். பாடுபவர்கள் மூச்சு விட்டார்கள். அவள் ஒன்பதாம் பக்கத்துக்குத் தாவ அழுத்தினாள். பியானோவும் இரண்டு குரல்களும் ஒரே படியில் கால் வைத்தன.

பாட்டு முடியும் வரை அவள் உட்காரவில்லை.

“பக்கம் அக்காவுக்கு இப்ப ஒத்தை விரல் போதும் போல,” என்றாள் நாத்தனார்.

மாஸ்டர் கைபேசியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். “சார், நடக்கும். ஆமா, கச்சேரி. டேபிள் டென்னிஸை மொட்டை மாடியில வெச்சுக்கோங்க.” அந்தப் பக்கம் நீளமாக ஏதோ பேச்சு வந்தது. மாஸ்டர் கைபேசியைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

மற்றவர்கள் படியேறி வரும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அவள் மடிக்கணினியை மூடினாள். ஹார்ட் டிஸ்க்கைப் பையிலிருந்து எடுத்தாள். அதன் உறையைக் கழற்றி, கம்பியை வளையமாகச் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டாள்.

“குறுந்தலைப்புல தேடுங்க,” என்றாள். “கொசுன்னு போட்டாலே வரும். சுத்தமான காப்பி கீழ இருக்கும், அதை வெச்சு வாசிக்காதீங்க.”

“சரிக்கா.”

“பென்சில்ல நீங்க ஏதாவது எழுதினா, அதையும் சேத்துக்கணும். எனக்கு அனுப்புங்க.”

பல் டாக்டர் கையை நீட்டினாள். அவள் ஹார்ட் டிஸ்க்கை அந்தக் கையில் வைத்தாள்.